படகு போகுமா?

அமெரிக்காவில் விஸ்கான்ஸின் மாநிலத்தின் தலைநகரம் மேடிஸன். அங்கே மெண்டோட்டா என்று ஓர் ஏரி இருக்கிறது. சுமார் 40 சதுர கிலோமீட்டர் பரப்பு. ஆழமான இடத்தில் 25 மீட்டர். இந்த ஏரி ஒவ்வொரு குளிர்காலத்திலும் என்றைக்கு உறைந்தது, என்றைக்கு உருகியது என்று 1850-களிலிருந்து விடாமல் குறித்து வைத்திருக்கிறார்கள். நம் ஆபீஸ் அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்தரைக்கூட இத்தனை ஒழுங்காக யாரும் எழுதியதில்லை.

இதில் ஒரு சிக்கல். இவ்வளவு பெரிய ஏரி, ஃப்ரிட்ஜ் டிரேயில் ஊற்றின தண்ணீர் மாதிரி ஒரே ராத்திரியில் கட்டியாகிவிடாது. ஓரத்தில் உறைந்திருக்கும்; நடுவில் அலையடிக்கும். காலையில் மூடும்; சாயங்காலம் காற்றடித்து உடையும். அப்படியானால் எந்தத் தேதியைப் போடுவது?

அதற்கு ஒரு விதி வைத்தார்கள். பிக்னிக் பாயின்ட் என்ற முனையிலிருந்து மேப்பிள் பிளஃப் என்ற இடம் வரைக்கும் படகு போக முடியுமா? முடிந்தால் ஏரி திறந்திருக்கிறது. முடியாவிட்டால் மூடிவிட்டது. முடிந்தது வழக்கு. ஏரி விஞ்ஞானத்தின் முன்னோடிகளான பர்ஜ், ஜூடே இருவரும் இருந்த காலத்து விதி இது. பர்ஜ் பின்னால் அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்துக்குத் தலைவராகவே இருந்தவர். ஏன் குறிப்பாக அந்த இரண்டு இடம்? மேப்பிள் பிளஃப்வாசிகளுக்கு பீரும் மற்ற அத்தியாவசியங்களும் அந்த வழியாகத்தான் படகில் போய்க்கொண்டிருந்தன என்று காரணம் சொல்கிறார்கள். விஞ்ஞானம் எந்தெந்த வாசல் வழியாகவெல்லாம் வருகிறது பாருங்கள்.

அந்த நோட்டுப்படி, 1880-81 குளிர்காலத்தில் ஏரி 161 நாள் மூடிக் கிடந்தது. 2001-02-ல் 21 நாள்தான். 2023-24-ல் 44 நாள். நூற்றைம்பது வருஷத்துக் கணக்கை மொத்தமாகப் பார்த்தால், ஐஸ் காலம் ஏறக்குறைய ஒரு மாதம் சுருங்கியிருக்கிறது. அதாவது, 'படகு போகுமா?' என்ற கேள்விக்கு 'போகும்' என்று பதில் சொல்லும் நாட்கள் கூடிக்கொண்டே போகின்றன.

நல்லதுதானே என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்.

* * *

என் அக்கா பையன் மேடிஸனில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். 2024 ஜனவரி முதல் வாரம் நான் அங்கே இருந்தேன். அந்த ஊர்க் கணக்குக்கு ரொம்ப சாதுவான குளிர். வெளியே 2, 3 டிகிரி சென்டிகிரேட். உள்ளூர்ப் பையன்கள் அரைக்கால் சட்டையோடு குப்பைத் தொட்டியைத் தெருவில் கொண்டு வைத்துவிட்டுப் போனார்கள். நான் மட்டும் நாலு சட்டைக்குள் இருந்தேன்.

பக்கத்து வீட்டுக்காரர் ரிட்டயர் ஆனவர். எழுபது வயது இருக்கும். 16 அடி அலுமினியப் படகு ஒன்று வைத்திருக்கிறார். "மெண்டோட்டா இன்னும் மூடலை. சனிக்கிழமை பெர்ச் பிடிக்கப் போறேன், வர்றீங்களா?" என்று கேட்டார். குளிர்கால மீன்பிடிப்பு என்றால் ஐஸில் ஓட்டை போட்டு, ஸ்டூல் போட்டு உட்காருவது என்றுதான் நான் நினைத்திருந்தேன். படகிலா?

"ஐஸ் வந்தா நடந்து போவோம். வரலைன்னா படகு. ரெண்டுக்கும் நடுவுல இருக்கிறப்பதான் மூளையை உபயோகிக்கணும்" என்றார்.

16 வயதுக்கு மேற்பட்ட யாரும் அங்கே லைசென்ஸ் இல்லாமல் தூண்டில் போட முடியாது. எனக்கு ஒரு நாள் லைசென்ஸ் வாங்கினான் அக்கா பையன். நம்ம ஊரில் டிரைவிங் லைசென்ஸுக்கு எடுத்த எட்டு ஞாபகம் வந்தது. இங்கே எட்டெல்லாம் போடச் சொல்லவில்லை. காசு கொடுத்தால் போதும்.

கிளம்புவதற்கு முன்னால் அவர் செய்த முதல் காரியம், வீட்டு ஃப்ரிட்ஜில் ஒரு சீட்டு ஒட்டியது. எந்தத் துறையில் படகு இறக்குகிறோம், எத்தனை பேர், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று அதில் இருந்தது. அந்த நேரம் தாண்டி ஒரு மணி நேரம் ஆனால் அவர் மனைவி போலீஸுக்கு போன் செய்துவிடுவாராம். "பயமா இருக்காதா அந்தம்மாவுக்கு?" என்று கேட்டேன். "அவளுக்கா? ஒரு தடவை பத்து நிமிஷம் முன்னாடியே போன் பண்ணிட்டா" என்றார்.

படகுத் துறையில் டிரெய்லரைப் பின்னால் தள்ளி இறக்கும் சிமென்ட் சரிவு. ஒவ்வொரு படகு ஏறும்போதும் சொட்டுகிற தண்ணீர் அங்கேயே உறைந்து கண்ணாடி மாதிரி ஆகிவிடுகிறது. காரும் டிரெய்லரும் படகும் மொத்தமாக ஏரிக்குள் சறுக்கிக்கொண்டு போக வாய்ப்பு உண்டு. அவர் ஒரு பக்கெட் மணல் கொண்டுவந்து தூவினார். உப்பு போட்டால் ஐஸ் உருகுமே என்றேன். "ரோட்டுல போடற உப்பெல்லாம் ஏற்கெனவே ஏரிக்குள்ளதான் வந்து சேருது. நான் வேற போடணுமா?" என்றார். வாஸ்தவம்தான். சாலை உப்பால் அந்த ஏரிகளில் குளோரைடு வருஷா வருஷம் ஏறிக்கொண்டிருக்கிறது.

துறைக்குப் பக்கத்துக் குடாவில் ஐஸ். மெலிசாக, அப்பளம் கனத்துக்கு. அதற்கு அப்பால் கரும்பச்சைத் தண்ணீர். படகு ஐஸை உடைத்துக்கொண்டு போகும்போது வந்த சத்தத்தை விவரிக்க வேண்டுமானால், ஸ்கூலில் கரும்பலகையை நகத்தால் கீறுவானே ஒரு விஷமக்காரப் பையன், அவனை அறுபதாகப் பெருக்கிக்கொள்ளுங்கள். ஃபைபர் படகாக இருந்தால் அந்த மெலிசு ஐஸே உடம்பில் கோடு கிழித்துவிடும் என்றார். தகரத்துக்குச் சத்தம் மட்டும்தான்.

* * *

தண்ணீர் ஒரு விசித்திரப் பிறவி. மற்றதெல்லாம் பெரும்பாலும் குளிரக் குளிரக் கனக்கும். தண்ணீர் 4 டிகிரி வரைதான் அப்படி. அதற்குக் கீழே போனால் மறுபடி லேசாகி மேலே வந்துவிடும். உறைந்து ஐஸ் ஆனால் இன்னும் சுமார் 8 சதவிகிதம் லேசு. அதனால்தான் ஏரி மேலிருந்து கீழாக மூடுகிறது. கீழிருந்து உறைய ஆரம்பித்திருந்தால் மீன் என்றொரு ஜாதியே அந்தப் பக்கத்தில் இருந்திருக்காது.

சின்னக் குட்டைகள் சீக்கிரம் உறையும். மெண்டோட்டா மாதிரிப் பெரிசு லேசில் மசியாது. மேலே ஒரு தோல் பிடிக்கும். காற்று வந்து அதைக் கிழித்து, மேல்தண்ணீரையும் கீழ்த்தண்ணீரையும் கலக்கிவிடும். இப்படிக் கலக்கிக் கலக்கி மொத்த ஏரியும் 4 டிகிரிக்குக் கீழே இறங்கி நிற்கும். காற்றில்லாத, நல்ல குளிரான ஒரு ராத்திரிக்காகக் காத்துக்கொண்டிருக்கும். அன்றைக்கு எங்கள் படகில் இருந்த கருவி மேல்தண்ணீர் 1 டிகிரி என்று காட்டியது.

வெளியே 3 டிகிரி, சுள்ளென்று வெயில். "என்ன சார் இது, ஊட்டி மாதிரி இருக்கு" என்று யாருக்கும் சொல்லத் தோன்றும். கோட்டைக் கழற்றலாமா என்று எனக்கே யோசனை. இந்த விளையாட்டின் விஷமே இங்கேதான் இருக்கிறது. காற்று ஒரு நாளில் மனசு மாறும். தண்ணீர் மாறாது. படகில் உட்கார்ந்திருக்கிறவன் காற்றைப் பார்த்துச் சட்டை போட்டுக்கொள்கிறான். விழுந்தால், விழப்போவது தண்ணீரில்.

விழுந்தால் என்ன ஆகும் என்று ஒருவர் திரும்பத் திரும்பத் தானே விழுந்து பார்த்திருக்கிறார். கனடாவில் மனிட்டோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட். செல்லப் பெயர் 'புரொஃபசர் பாப்சிகிள்'. நம் பாஷையில் குச்சி ஐஸ் வாத்தியார். அவர் பரப்பிய கணக்கு 1-10-1.

முதல் 1 நிமிஷம் மூச்சுத் திணறல். குளிர்ந்த தண்ணீர் பட்டதும் உடம்பு தன்னிச்சையாக ஒரு பெரிய மூச்சை இழுக்கும். அந்த நேரம் தலை தண்ணீருக்குள் இருந்தால் கதை அங்கேயே முடிந்தது. அதைத் தாண்டினால் 10 நிமிஷம் கை கால் நாம் சொன்னதைக் கேட்கும். அப்புறம் விரல் மடங்காது. நீச்சலில் மெடல் வாங்கியவனுக்கும் கை எழாது. உடம்புச் சூடு இறங்கி நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம் ஆகும். அதாவது, இப்படிச் சாகிறவர்களில் பலர் குளிரால் சாவதில்லை. மிதக்க முடியாமல் சாகிறார்கள். லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தால் பத்தாவது நிமிஷத்துக்கு அப்புறமும் முகம் மேலே இருக்கும். யாராவது வந்து இழுக்க ஒரு மணி நேரம் கிடைக்கும்.

விஸ்கான்ஸின் சட்டப்படி படகில் ஆளுக்கு ஒரு ஜாக்கெட் *இருந்தால்* போதும். பெரியவர்கள் *போட்டிருக்க* வேண்டிய கட்டாயம் இல்லை. நம் ஊரில் ஹெல்மெட்டை பெட்ரோல் டாங்க் மேல் உட்கார வைத்துக்கொண்டு போவோமே, அந்த மாதிரி.

எங்கள் கேப்டன் மிதக்கும் கோட்டு போட்டிருந்தார். போதாக்குறைக்குக் கழுத்தில் ஒரு கயிறு. அதன் இரண்டு முனையிலும் மரப்பிடியில் செருகிய கூர் ஆணி. ஐஸ் மேல் நடக்கிறவர்கள் மாட்டிக்கொள்வது. விழுந்தால் ஆணியை ஐஸில் குத்திக் குத்தி மேலே ஏறலாம். "படகில் எதுக்கு?" என்று கேட்டேன்.

"படகிலேர்ந்து விழுந்தாலும் கரைப் பக்கம் ஏற வேண்டியது அந்த ஐஸ் மேலதானே?" என்றார்.

தண்ணீர் புகாத பையில் ஒரு செட் மாற்றுத் துணி. இன்னொன்றில் செல்போன். பிளாஸ்கில் காபி. பீர் இல்லையா என்று அக்கா பையன் ஆசையாகக் கேட்டான். தோல் ரத்தக் குழாய்களைத் திறந்துவிட்டு, கதகதப்பாக இருப்பதுபோல் காட்டி, உள்சூட்டை வெளியே விரட்டுகிற சமாசாரம் அது. "கரைக்கு வந்ததும் குடிக்கலாம். மேப்பிள் பிளஃப்ல இருக்கிறவங்களும் கரையிலதான் குடிச்சாங்க" என்றார்.

* * *

மீனுக்கு வருவோம். குளிர்ந்த தண்ணீரில் மீனின் உடம்பு மெதுவாக வேலை செய்கிறது. பசி குறைவு, துரத்தல் இல்லை. அடிப்பக்கத்தில் கூட்டமாக நிற்கும். வாய்க்கு எதிரே இரையை ஆட்டாமல் நிறுத்தினால், 'சரி, கேட்கிறானே' என்று வாயில் வாங்கும். கம்பின் நுனி அரை அங்குலம் அசைந்தால் அதுதான் கடி. ஃபைலை மூன்று மாதம் வைத்திருந்துவிட்டுக் கடைசியில் சின்னதாக ஒரு இனிஷியல் போடும் ஆபீசரைப் போல.

கம்பில் நூல் போகிற வளையங்களில் ஈரம் உறைந்து அடைத்துக்கொள்ளும். அதை வாயில் வைத்து ஊதியோ, தண்ணீரில் முக்கியோ உருக்க வேண்டும். 1 டிகிரித் தண்ணீரில் முக்கி ஐஸை உருக்குவது என்பது எனக்குப் புது அனுபவம்.

ஒரு மணி நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் திடீரென்று ஆரம்பித்தது. மஞ்சள் உடம்பு, கறுப்புப் பட்டைகள், ஆரஞ்சு துடுப்பு. அரை முழத்துக்கும் குறைவான பெர்ச். அரை மணியில் மூன்று பேருக்குமாக ஒன்பது. அக்கா பையன் முகத்தில் அப்ரைசலில் ஐந்துக்கு ஐந்து வாங்கிய பிரகாசம்.

அப்போது கேப்டன் தூண்டிலைச் சுருட்டினார்.

"என்ன ஆச்சு? இப்பதானே கடிக்க ஆரம்பிச்சிருக்கு!" என்றான் இவன்.

அவர் பதில் சொல்லாமல் படகின் பின்னால் கட்டியிருந்த ஒரு துண்டு ரிப்பனைக் காட்டினார். காலையிலிருந்து அது கிழக்குப் பக்கம் பறந்துகொண்டிருந்தது. இப்போது மேற்கே, நாங்கள் வந்த துறையைப் பார்த்துப் பறந்தது. நாங்கள் தூண்டில் நுனியையே பார்த்துக்கொண்டிருந்த ஒன்றரை மணி நேரமும் மனுஷன் ரிப்பனைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

மேனேஜர் எழுந்தால் மீட்டிங் முடிந்தது. நாங்களும் சுருட்டினோம்.

* * *

துறைக்குப் பத்து நிமிஷ ஓட்டம். காலையில் உடைத்துப் போட்ட துண்டுகளும், எங்கிருந்தோ மிதந்து வந்த பெரிய தட்டுகளும் காற்றால் குடாவுக்குள் ஒதுங்க ஆரம்பித்திருந்தன. நாங்கள் மோட்டாரைக் குறைத்து, துடுப்பால் தள்ளித் தள்ளிச் சரிவில் ஏறினோம். படகை டிரெய்லரில் கட்டி முடிப்பதற்குள் பின்னால் பாதை மூடிவிட்டது. ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு ஓரடி உயரத்துக்கு ஐஸ் துண்டு. படகு போகாது. மேலே நடக்கவும் முடியாது.

அதற்கு அப்பால் இன்னொரு படகு. இருபத்தைந்து வயசுப் பையன்கள் இரண்டு பேர். கரையிலிருந்து அறுபது, எழுபது அடிதான் இருக்கும். மோட்டாரை முறுக்கினார்கள். இஞ்சின் குளிர்வதற்காகத் தண்ணீர் இழுக்கிற துவாரத்தில் ஐஸ் கூழ் போய் அடைத்து, அது இருமிவிட்டு நின்றது. ஒருவன் துடுப்போடு எழுந்து நின்று ஐஸை ஓங்கி ஓங்கி அடித்தான். படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அவன் போட்டிருந்தது அழகான சிவப்பு ஸ்வெட்டர். லைஃப் ஜாக்கெட், சட்டப்படி, படகில் *இருந்தது*. அவன் அதன் மேல்தான் அதுவரை உட்கார்ந்திருந்தான்.

எங்கள் கிழவர் அதுவரை குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. "உட்கார்!" என்று ஒரு கத்து. எனக்கே முட்டி மடங்கியது. பையன் உட்கார்ந்தான். "முதல்ல அதை எடுத்து மாட்டு. அப்புறம் பேசலாம்."

நங்கூரக் கயிற்றின் நுனியில் காலி பிளாஸ்டிக் கேனைக் கட்டி வீசினார். மூன்றாவது வீச்சில் பிடித்தார்கள். இரண்டு பேரும் உட்கார்ந்தபடியே துடுப்பால் ஐஸை ஒதுக்க, நாங்கள் மூவரும் கரையிலிருந்து இழுத்தோம். அறுபது எழுபது அடிக்கு இருபத்தைந்து நிமிஷம். ஸ்வெட்டர் பையன் கரையில் கால் வைத்ததும் சிரித்துக்கொண்டு, "நல்ல வேளை, இன்னிக்கு அவ்வளவு குளிர் இல்லை" என்றான்.

கிழவர் அவன் கையில் பிளாஸ்க் காபியைக் கொடுத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வந்தார்.

* * *

ஆனால் நான் சொல்ல வேண்டியிருக்கிறது. குளிர் இல்லாததுதான் பிரச்னையே. 2020-ல் டொரன்டோவின் யார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சப்னா சர்மாவும் அவர் குழுவினரும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பத்து குளிர்நாடுகளில், குளிர்காலத்தில் நீரில் மூழ்கி இறந்தவர்கள் 4,000 பேருக்கு மேல் எடுத்துப் பார்த்தார்கள். எந்தக் குளிரில் அதிகச் சாவு? மைனஸ் முப்பதிலா? இல்லை. சராசரிக் குளிர் மைனஸ் 5-க்கும் பூஜ்யத்துக்கும் நடுவில் இருக்கும்போது. கடுங்குளிரில் ஐஸ் கெட்டி, மனிதனும் ஜாக்கிரதை. இதமான குளிரில் இரண்டுமே இளகிவிடுகின்றன.

2009 பிப்ரவரி 7-ம் தேதி ஈரி ஏரியில் நடந்தது இதற்குச் சாட்சி. இதமான நாள். ஒஹையோ கரையோரம் ஐஸில் விரிசல். பலகையைப் போட்டு, அதன் மேல் தாண்டிப் போய் மீன் பிடித்தார்கள். தெற்கிலிருந்து காற்று கிளம்பி, மொத்த ஐஸையும் ஆட்களோடு உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டது. ஹெலிகாப்டர், படகு எல்லாம் விட்டு 130-க்கும் மேற்பட்டவர்களை மீட்டார்கள். ஒருவர் இறந்துபோனார். அங்கேயும் வில்லன் குளிர் அல்ல, காற்று.

இனிமேல் இந்த இரண்டுங்கெட்டான் ஏரிகள் அதிகமாகப் போகின்றன. வருஷா வருஷம் தவறாமல் உறைந்தது போய், சில வருஷம் உறையும், சில வருஷம் உறையாது என்கிற நிலைக்கு வந்துவிட்ட ஏரிகள் வட பூமியில் ஏறக்குறைய 15,000 என்று சப்னா சர்மா குழுவின் 2019 ஆய்வு சொல்கிறது. பூமி 2 டிகிரி சூடானால் அது 35,000 ஆகுமாம். அந்தக் கரைகளில் இருக்கிறவர்களுக்கு தாத்தா சொல்லிக் கொடுத்த தேதிகள் இனி உதவாது. ஜனவரி என்றால் நடக்கலாம் என்பதும் இல்லை. தண்ணீர் தெரிகிறது என்றால் படகு விடலாம் என்பதும் இல்லை. போகும்போது திறந்திருந்த வழி திரும்பும்போதும் திறந்திருக்குமா என்று கேட்க வேண்டும். 'படகு போகுமா?' பழைய கேள்வி. 'படகு திரும்புமா?' என்பதுதான் இப்போது கேட்க வேண்டியது.

அந்த ஜனவரி 15-ம் தேதி மெண்டோட்டா மூடிவிட்டதாக அறிவித்தார்கள். நான் ஊர் திரும்பின பிறகு அக்கா பையனிடம் போனில் கேட்டேன்: "கிழவர் ஐஸ் மேல் போயிட்டாராடா?"

"இல்ல மாமா. நாலு அங்குலம் கனம் வர்ற வரைக்கும் கால் வைக்க மாட்டாராம். படகையும் மூடி வெச்சுட்டார். ரெண்டும் இல்லாத இந்தப் பத்து நாள்தான் அந்தம்மாவுக்கு தீபாவளியாம். ஒழுகற குழாய், கழண்ட கதவு எல்லாத்துக்கும் லிஸ்ட் போட்டு ஃப்ரிட்ஜ்ல ஒட்டியிருக்காங்க."